கிளாபர் உப்பு: படிகமா, பவுடரா, இல்லை சாதா உப்பே போதுமா?

"பொது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கிளாபர் படிகம் பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா, பழையபடி பவுடரே வாங்கலாமா, இல்லை சாதா உப்புக்கே போய்விடலாமா?" திருப்பூர், பெருந்துறை, கரூர் பக்கம் சாயப்பட்டறை நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாதி விலைக்கு எடுத்தால் நட்டம். ஏன் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். இரண்டு உருவில் வருகிறது. பவுடராக வருவது நீரற்றது. கண்ணாடிச் சில்லு போலத் தெளிவாக வருவது படிகம். படிகத்தில் ஒவ்வொரு சோடியம் சல்பேட்டுக்கும் 10 தண்ணீர் மூலக்கூறுகள் அடுக்குக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கின்றன. மேலே ஒட்டிய ஈரம் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் எடுத்தால் உலர்ந்த சரக்காகத்தான் தெரியும். ஆனால் 100 கிலோ படிகத்தில் 56 கிலோ தண்ணீர், 44 கிலோதான் உப்பு. பவுடர் கிலோ 15 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், படிகம் 6 ரூபாய் 60 பைசாவைத் தாண்டினாலே கட்டுபடியாகாது. ஏழரை ரூபாய் கொடுக்கிறவர் தண்ணீரையும் உப்பு விலைக்கு வாங்குகிறார்.

அதற்காகப் படிகம் வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. சில பட்டறைகளுக்கு அதுதான் சரி.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், கழிவுநீர் எங்கே போகிறது. பருத்தியும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் இரண்டுமே நெகட்டிவ் மின்சுமை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் அந்தத் தள்ளலை மட்டுப்படுத்திச் சாயத்தைத் துணிப் பக்கம் அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. உப்பு செலவாவதில்லை, போட்டது முழுவதும் அப்படியே வடிகாலுக்கு வருகிறது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பதுதான் தொழிலின் அடிப்படை விதி. ஆகவே நீங்கள் போடும் உப்பைப் பிறகு யாரோ பிரித்து எடுத்தாக வேண்டும். எந்த உப்பைப் பிரிக்க அந்த நிலையம் கட்டப்பட்டிருக்கிறதோ, அதை ஒட்டித்தான் பட்டறையின் தேர்வு இருக்க முடியும். மற்ற எல்லா அளவுகோலும் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கைக்கு வந்து சேரும் உண்மையான உப்பின் விலை. மூட்டை விலை, லாரி வாடகை, இறக்குக் கூலி மூன்றையும் கூட்டி, உள்ளே இருக்கும் நீரற்ற சோடியம் சல்பேட்டின் எடையால் வகுக்க வேண்டும். 10 டன் படிகம் ஏற்றி வரும் லாரியில் ஐந்தரை டன்னுக்கு மேல் தண்ணீர்.

மூன்றாவது, சுத்தம். கால்சியம், மக்னீசியம், இரும்பு, மிச்சக் காரம்.

நான்காவது, கரைவதும் குடோனில் இருப்பதும். கொங்கு நாட்டுத் தட்பவெப்பத்தில் இது சின்ன விஷயமில்லை. 32.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கரைசலிலிருந்து பிரியும் சோடியம் சல்பேட் படிகமாக வரும். அதற்கு மேலே நீரற்றதாக வரும். சித்திரை மதியத்தில் நம் குடோன்கள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன, மார்கழி இரவில் வெகுவாகக் கீழே இறங்குகின்றன.

ஒரே லாட்டை வைத்து ஒப்பிடுவோம்: 250 கிலோ பனியன் துணி, ஒன்றுக்கு ஆறு தண்ணீர் விகிதம், 1,500 லிட்டர் பாத் (மெஷினில் உள்ள சாயத் தண்ணீர்), லிட்டருக்கு 60 கிராம் உப்பு.

| | சாதா உப்பு | கிளாபர் பவுடர் | கிளாபர் படிகம் |
|---|---|---|---|
| போட வேண்டிய எடை | 90 கிலோ (ஈரத்துக்குச் சற்றுக் கூடுதல்) | 90 கிலோ | 204 கிலோ |
| கூட வரும் தண்ணீர் | மேல் ஈரம் மட்டும் | இல்லை | 114 லிட்டர் |
| கரையும் விதம் | எந்தச் சூட்டிலும் | 40–50 டிகிரியில், தூவி | பாத்தைக் குளிரவைக்கும், தவணையாக |
| குடோனில் ஆபத்து | மழைக்காலக் கசிவு | ஈரக்காற்றில் இறுகுதல் | வெயிலில் உருகுதல், வறண்ட காற்றில் மாவாதல் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | கடினத்தன்மை, மெஷின் அரிப்பு | முன்பணம் | கூலி, லாரி, நீராவி, லேப் வேலை |

## சாதா உப்பு

சாதா உப்பில் படிக நீர் இல்லை. சோடியம் குளோரைடு தண்ணீரைப் படிகத்துக்குள் பிடித்துவைப்பது பூச்சிய டிகிரியை ஒட்டிய குளிரில்தான். நமக்கு அந்தக் கவலை வேண்டாம். 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் என்ற கரைதிறன் சூட்டுக்குச் சூடு பெரிதாக மாறுவதில்லை. கரைக்கச் சுலபம், எங்கும் கிடைக்கும், விலை குறைவு.

கண்ணுக்குத் தெரியாத செலவு மூன்று. உப்பளத்து உப்பில் கால்சியம், மக்னீசியம் கலந்து வரும். 100 கிலோவில் 100 கிராம் கால்சியம் இருந்தாலே போதும். லிட்டருக்கு 60 கிராம் போட்ட பாத்தில் கடினத்தன்மை 150 பி.பி.எம். ஏறிவிடும். ஆர்.ஓ. தண்ணீருக்குக் கொடுத்த காசு அங்கேயே வீண். சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடா ஆஷ் விழுந்ததும் அது வெள்ளைப் படிவாகி, துணியில் திட்டாகவும் கை உணர்வில் சொரசொரப்பாகவும் தெரியும். அதைச் சமாளிக்கச் சீக்வெஸ்ட்ரன்ட் (கால்சியம், மக்னீசியத்தைக் கட்டிவைக்கும் மருந்து) கூட்டிப் போட வேண்டியிருக்கும். அந்தச் செலவை உப்பின் கணக்கில் எழுதுகிறவர்கள் குறைவு. மக்னீசியம் குளோரைடு இருந்தால் ஐப்பசி மழையில் மூட்டை தானாகக் கசியும்.

அடுத்தது குளோரைடு. சூடான, அமிலப் பக்கமான தண்ணீரில் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசிக்குத்துப் போல அரிக்கும். சாயம் முடிந்து அசிட்டிக் ஆசிட் விட்டுச் சமன் செய்யும் கட்டத்தில் உப்பு நன்றாகக் கழுவப்படாமல் இருந்தால், வெல்டிங் ஓரங்களும் பம்ப் சீல்களும்தான் முதலில் போகும். சல்பேட் அந்த வகையில் சாது.

மூன்றாவது, அளவு. சோடியம் கணக்கில் 60 கிராம் சாதா உப்பு 73 கிராம் நீரற்ற கிளாபருக்குச் சமம். பட்டறைகளில் கிராமுக்குக் கிராம் மாற்றுவதுதான் வழக்கம். வெளிர் ஷேடில் அது ஓடிவிடும். கறுப்பிலும் நேவியிலும் லேப் டிப் (சிறு துண்டில் சோதனைச் சாயம்) போடாமல் மாற்றக் கூடாது. டர்க்காய்ஸ் வகைச் சாயங்களுக்குக் கிளாபரே நல்லது என்பது மாஸ்டர்கள் பொதுவாக ஒத்துக்கொள்ளும் விஷயம்.

எப்போது இது சரி: உங்கள் சுத்திகரிப்பு நிலையம் நானோ ஃபில்டர் வழியாகக் குளோரைடு பிரைனை (உப்புக் கரைசலை) திருப்பித் தருகிறது என்றால் சாதா உப்பிலேயே இருங்கள். சென்னிமலை பக்கம் சிட்டா நூலைக் கையால் முக்கும் சிறு பட்டறைகளுக்கும் இதன் சுலபம் பொருந்தும். சுத்திகரித்த தரத்தை மட்டும் வாங்கினால் போதும்.

## கிளாபர் பவுடர்

மூட்டையில் எழுதியிருப்பது ஏறக்குறைய முழுக்க உப்பு. எடை போட்டால் எடைதான். மாற்றுக் கணக்கு இல்லை. சந்தைக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு விஸ்கோஸ் ஆலைகள் போன்றவற்றின் உபபொருள். அதில் சிறிது அமிலம் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு என்பதால் பி.எச். பார்த்து வாங்குவது நல்லது.

இதில் கெடுவது கரைக்கும் இடத்தில்தான். பவுடரைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரே மூச்சாகக் கொட்டினால், 32 டிகிரிக்குக் கீழே அது தண்ணீரை உள்ளே இழுத்துப் படிகமாக மாறி, தொட்டி அடியில் பாறையாக உட்காரும். பிறகு கடப்பாரைதான். சரியான முறை: முதலில் தண்ணீரை 40–50 டிகிரிக்குக் கொண்டுவந்து, கலக்கியை ஓடவிட்டு, பிறகு பவுடரைத் தூவ வேண்டும்.

"சூடு ஏற ஏற நன்றாகக் கரையும்" என்ற பழக்கம் இங்கே ஏமாற்றும். 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரியில் 19.5 கிராம், 30 டிகிரியில் சுமார் 41 கிராம், 32.4 டிகிரியில் ஏறக்குறைய 50 கிராம் கரைகிறது. அதற்கு மேல் இறங்குமுகம்: 60 டிகிரியில் 45, கொதிநிலையில் 42. கெட்டியான கரைசலில் நீராவிக் காயிலை வைத்துக் கொதிக்கவிட்டால், சூடான காயில் மேலேயே உப்பு தோலாகப் படிந்து சூடு கடக்காமல் தடுப்பது இதனால்தான். கழிவு உப்புநீரைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரின் ஆபரேட்டர்கள் தினமும் சண்டை போடும் பிரச்சினையும் இதே.

குடோனில் பவுடருக்கு எதிரி ஈரக்காற்று. 25 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் பவுடர் தண்ணீர் குடித்துப் படிகமாக இறுகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் உள் பாலித்தீன் கிழிந்த மூட்டைகள் கல்லாகிவிடும். அப்படி இறுகிய கட்டியைப் பவுடர் எடைக்கு எடை போட்டால் ஷேடு வெளிறும், ஏனென்றால் அதில் பாதி தண்ணீராக இருக்கலாம்.

எப்போது இது சரி: சுத்திகரிப்பு நிலையம் தூரம், கறுப்பு, நேவி, மெரூன் ஷேடுகள் அதிகம், லிட்டருக்கு 80–100 கிராம் தேவை, தண்ணீர் விகிதம் குறைந்த சாஃப்ட் ஃப்ளோ மெஷின், சரக்கை மாதக்கணக்கில் வைக்க வேண்டிய நிலை. இவற்றில் இரண்டு பொருந்தினாலே படிகத்தை மறந்துவிடலாம்.

## கிளாபர் படிகம்

இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன் குணமும் புரியும். ஆர்.ஓ. தள்ளிவிடும் உப்புநீரை எவாப்பரேட்டரில் சுண்டவைத்த பிறகு சில்லரில் 5–10 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். 40 டிகிரியில் 100 லிட்டர் தண்ணீர் 48 கிலோ சோடியம் சல்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். 10 டிகிரியில் 9 கிலோதான் பிடிக்கும். மிச்சமெல்லாம் படிகமாக விழுகிறது. சாதா உப்போ குளிரிலும் கரைந்தே நிற்கும். அதனால் முதல் படிகம் ஓரளவு சுத்தமாக வரும், குளோரைடு தாய்க்கரைசலில், அதாவது படிகம் பிரிந்த பின் மிஞ்சும் கரைசலில், தங்கிவிடும். பட்டறைகள் இரண்டு உப்பையும் கலந்து அனுப்பினால் அந்தத் தாய்க்கரைசல் வளர்ந்துகொண்டே போய், கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பாக ஷெட்டில் குவிகிறது. அதைப் பாதுகாக்கும் செலவு உறுப்பினர் சந்தாவில்தான் திரும்பி வரும்.

படிகத்தைப் பாத்தில் போடும்போது மூன்று கணக்குகள் தவறும்.

எடைக் கணக்கு. பழைய ரெசிபியில் உள்ள 90 கிலோவை அப்படியே படிகமாகப் போட்டால், பாத்துக்கு 40 கிலோதான் போய்ச் சேரும். லிட்டருக்கு 27 கிராம்கூட வராது. சாயம் பாதி தண்ணீரிலேயே நின்று வடிகாலைச் சேரும். 2.27-ஆல் பெருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு. 204 கிலோ படிகத்தோடு 114 லிட்டர் தண்ணீர் வருகிறது. மெஷினில் முதலில் 1,500 லிட்டர் நிரப்பியிருந்தால் பாத் 1,614 ஆகிவிடும், உப்பும் சோடாவும் ஏழு சதவீதம் நீர்த்துப்போகும். முதல் நிரப்பலை 1,385 லிட்டரில் நிறுத்துங்கள்.

சூட்டுக் கணக்கு. பவுடர் கரையும்போது வெப்பம் சிறிது வெளிவரும். படிகம் கரைய, கிலோவுக்கு ஏறக்குறைய 243 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 204 கிலோவும் கரைந்தால் 1,500 லிட்டர் பாத்தின் சூடு கிட்டத்தட்ட 8 டிகிரி இறங்கும். அதை மீட்க 24 கிலோ நீராவி போதும், அது பெரிய செலவில்லை. நடு ஓட்டத்தில் சூடு இறங்கி ஏறினால் சாயம் ஏறும் வேகம் மாறி ரோப்புக்கு ரோப்பு (மெஷினில் கயிறாக ஓடும் துணிக்குத் துணி) வித்தியாசம் வரும், அதுதான் செலவு. மெஷினோடு இணைந்த சைடு டேங்கில் 200 லிட்டர் வெந்நீர் பிடித்து மொத்தத்தையும் கொட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பாதி கரைவதற்குள் தண்ணீர் சில்லிட்டு, கூழாக நின்று, பம்ப் இழுக்காது. பாத் தண்ணீரையே சைடு டேங்க் வழியாகச் சுற்றவிட்டு, மூன்று நான்கு தவணையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சூடு திரும்பியதைப் பார்த்த பிறகே அடுத்தது.

குடோன் கதை இன்னும் மோசம். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 32.4 டிகிரி தாண்டியதும் படிகம் தன் சொந்தத் தண்ணீரிலேயே உருகும். ஆனால் அந்தத் தண்ணீர் முழு உப்பையும் கரைக்கப் போதாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரற்ற உப்பாக மூட்டை அடியில் இறங்கிவிடும். கரைசல் கோணி வழியே தரைக்குப் போகும். மேல் பாதியிலிருந்து அள்ளிய லாட் ஒரு ஷேடு, அடிப்பாதியிலிருந்து அள்ளிய லாட் இன்னொரு ஷேடு. ஆடியில் வேறு கதை: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மூட்டைகள் மேல் அடித்தபடி இருக்க, ஈரப்பதம் குறைந்த பகல்களில் படிகம் தண்ணீரை விட்டு மேலே வெள்ளை மாவாகும். 50 கிலோ மூட்டை 40 கிலோவாகக் குறைந்திருந்தால் காணாமல் போனது தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே 22 கிலோ இருக்கிறது. அதை எடை போட்டுப் போட்டால் இப்போது ஷேடு கூடும்.

ஆகவே படிகத்தை மூட்டையாக வைத்திருக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வந்த அன்றே கரைத்துத் தொட்டியில் பிரைனாக வைத்து, அளவை லிட்டரில் எடுங்கள். மார்கழியில் லிட்டருக்கு 120 கிராமுக்கு மேல் கெட்டியாக வைக்கக் கூடாது. வைத்தால் விடிகாலையில் குழாய் வளைவிலும் வால்விலும் படிகம் வளர்ந்து அடைத்துவிடும். கோடையில் 250 வரை போகலாம், இரவுச் சூட்டைப் பார்த்துக்கொண்டால் சரி.

எப்போது இது சரி: நிலையம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பிரைன் தொட்டியும் லேபில் உலர்த்தும் அடுப்பும் இருக்க வேண்டும், வெளிர், நடுத்தர ஷேடுகள் அதிகம் ஓட வேண்டும், எல்லாச் செலவும் கூட்டிய பிறகும் விலை பவுடரின் 44 சதவீதத்துக்கு நன்றாகக் கீழே, மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். நிலையமே குழாயில் பிரைனாகத் தருகிறது என்றால் அதைவிட நல்லது வேறில்லை. உருகல், மாவாதல், கூலி எதுவும் கிடையாது. அடர்த்தியும் பி.எச்.சும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பார்த்தால் போதும்.

## மூட்டையைப் பிரித்ததும் பார்க்க வேண்டியவை

நீரின் அளவு: மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து, 10 கிராமை ஆழமான கிண்ணத்தில் வையுங்கள். நேராக 110 டிகிரிக்குப் போனால் உருகித் தெறிக்கும்; முதலில் 50–60 டிகிரியில் ஈரம் வற்றவிட்டு, பிறகு 110-ல் எடை மாறாத வரை வையுங்கள். 4.4 கிராம் மிஞ்சினால் சரியான படிகம். 4.1 என்றால் தாய்க்கரைசல் வடியாத ஈரச் சரக்கு. தேவையான நீரற்ற எடையை இந்த விகிதத்தால் வகுத்தால் போட வேண்டிய எடை வரும்: 90 கிலோவை 0.41-ஆல் வகுத்தால் 220 கிலோ.

கடினத்தன்மை: லிட்டருக்கு 60 கிராம் நீரற்ற உப்புக் கணக்கில் கரைத்து, 20 கிராம் சோடா ஆஷ் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கலங்கினால் கால்சியமோ மக்னீசியமோ இருக்கிறது. பேதி உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், பார்வைக்குக் கிளாபர் படிகம் மாதிரியே இருக்கும்; கலப்படம் இருந்தால் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

மிச்சக் காரம்: கரைசலில் ஒரு சொட்டு ஃபினால்ஃப்தலின். இளஞ்சிவப்பு வந்தால் பழைய பாத்தின் சோடா இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்த உப்பு விழுந்த உடனே சாயம் அவசரமாகப் பிடித்துத் திட்டாகும். மீட்ட படிகத்தில் அடிக்கடி காணும் குறை இதுதான். சோடாவுக்கு முன் பாத்தின் பி.எச். 7-ஐத் தாண்டினால் அசிட்டிக் ஆசிட் விட்டு இறக்கிய பிறகே சாயம்.

குளோரைடு: நைட்ரிக் ஆசிட் சில சொட்டு விட்டு வெள்ளி நைட்ரேட். தயிர் போலத் திரிந்தால் சாதா உப்புக் கலப்பு.

ஹைட்ரோமீட்டர் வைத்து அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் கிளாபர் 1.05 காட்டும், அதே 60 கிராம் சாதா உப்பு 1.04 காட்டும். சாதா உப்புக்குப் பழகிய குறியீட்டைக் கிளாபருக்கு வைத்தால் உப்பு குறைந்துபோகும். மாதிரியை அறைச் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகுதான் மிதக்கவிட வேண்டும். 60 டிகிரி பாத்தில் நேராக விட்டால் அடர்த்தி குறைவாகக் காட்டி, ஆபரேட்டர் கூடுதலாக உப்பைக் கொட்டுவார்.

உப்பை மாற்றுவதாக முடிவு செய்தால், நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். சில்லர் ஓட்டத்தையும் தாய்க்கரைசல் வெளியேற்றத்தையும் அவர்கள் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். பட்டறையில் முதல் மாற்றம் ஒரு வெளிர், ஒரு நடுத்தர, ஒரு அடர் ஷேடு லேப் டிப்போடு தொடங்கட்டும். பிறகு சின்ன மெஷினில் ஒரு லாட். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரின் நடுவில் மட்டும் மாற்ற வேண்டாம். அதே ஆர்டரின் ரிப், காலர் துணி பழைய உப்பில் ஓடியிருந்தால் பாடித் துணியோடு ஷேடு சேராது.